தறிச் சத்தத்துக்குள் அம்மா பழகிய பேச்சு

அம்மா கரவெட்டியில் பிறந்தவர். கலியாணமான கையோடு அப்பாவுடன் வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை ஊருக்குப் போய், நெசவுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தறிகள் எல்லாம் ஒருமிக்க அடிக்கும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காதாம். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் சத்தமில்லாமல் வாயை அகல அசைத்தே கதைப்பார்கள். உதட்டைப் பார்த்து மற்றவர் விளங்கிக்கொள்வார். யார் வீட்டில் கலியாணம், யார் வீட்டில் சண்டை, எல்லாம் தறிக்கு மேலால் போய்விடும். வருடத்தில் ஒரு கிழமை முழுக்க ஆலைகளைப் பூட்டிவிட்டு ஊரே கடற்கரைக்குப் போகும். அம்மாவும் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களோடு கால் நனைத்தவர்தான்.

ஆலை மூடியதும் மொன்றியலுக்கு வந்து அங்கே லாசால் பகுதியில் குடியேறினோம். அம்மா அந்தப் பேச்சைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிட்டார். விருந்தினர் முன்னிலையில் எனக்கும் தம்பிக்கும் உதட்டாலேயே ஏச்சு விழும். இரண்டாயிரமாம் ஆண்டில் ஒரு கலியாண வீட்டில், மண்டபத்தின் மறுகரையிலிருந்த மாமி, அப்பாவின் தங்கை, "பாயாசம் ஒரே தண்ணி" என்று பக்கத்திலிருந்தவருக்கு மெல்லச் சொன்னார். காய்ச்சியது அம்மா. நேரே எழும்பிப் போய், "ஓம் மச்சாள், சவ்வரிசி குறைஞ்சு போச்சு" என்றார். அன்றிலிருந்து மாமி அம்மாவைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைப்பார்.

போன வருடம் தொண்டையில் செய்த சத்திரசிகிச்சையோடு அம்மாவின் குரல் போய்விட்டது. கை நடுங்கியதால் எழுதவும் முடியவில்லை. "கடைசியா ஒரு சொல்லுக் கதைக்கேலாமல் போச்சே" என்று மாமி வாயைப் பொத்தாமலே கட்டிலருகே அழுதார். எங்களுக்கும் அதே பயம்தான். மனதிலிருப்பதைச் சொல்லாமலே போய்விடுவாரோ என்று கலங்கி நின்றோம். அம்மா எங்களைப் பார்த்தார். வாய் அகலத் திறந்து அசைந்தது.

"மச்சாளுக்குத் தேத்தண்ணி குடுத்தியளே?"

தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு கண்மூடும் வரை அம்மாவின் வாய் ஓயவேயில்லை. நன்றிக்கு அவர் வாயசைத்த 'மெர்சி' பிரெஞ்சுத் தாதிக்கும் விளங்கியது.

அன்போடு பார்த்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்து தந்த அயலவருக்கும், கொட்டும் பனியில் வந்துநின்ற உறவுகளுக்கும், அம்மாவுக்காக வாயிலிருந்து கையை எடுத்த மாமிக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் பெட்டியருகே நானும் தம்பியும் வாயசைத்ததைக் கண்டு, தேவாரம் சொல்கிறோம் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். தேவாரம் இல்லை.

"எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்தாச்சு, அம்மா" என்று சொன்னோம்.