சரஸ்வதி பூஜையன்று நான் திறந்த புத்தகம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் பெற்றது. சோறு போடும்போது எது யாருடையது என்று நான் பார்த்ததில்லை. ஐந்து பேரும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார்கள். நான் கடைசி மகனோடு மாடம்பாக்கத்தில் இருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. எண்கள் மட்டும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. எருமை வைத்துப் பால் ஊற்றியவளை யாரும் எண்ணில் ஏமாற்ற முடியாது. இதை நான் பேசுகிற மாதிரியே எழுதத்தான் ஆரம்பித்தேன். என் பேத்தி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதனால் புத்தகத் தமிழ். யாராவது பேசுகிற இடத்தில் மட்டும் பேசினபடியே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

சொல்ல வந்தது என் மருமகள் ஆடிட்டர் பரீட்சைக்குப் படித்த கதை.

அவள் ஊரப்பாக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் பாதி படித்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மீதியைப் படிக்கிறாள். பைனான்சியல் ரிப்போர்ட்டிங் என்று ஒரு பாடம். மற்றப் பாடங்களை எல்லாம் தாண்டிவிடுவாள், இதில் மட்டும் இடறி விழுவாள். நாற்பது வாங்க வேண்டும். முதல் தடவை முப்பத்தேழு. இரண்டாவது தடவையும் முப்பத்தேழு. "இந்த மூணாவது தடவை போச்சுன்னா அவ்ளோதான் அத்தை, புக்கை எல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுட்டு நிம்மதியா சீரியல் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அவள் செய்தால் என் நிலைமை என்ன ஆவது? மருமகள் ஆடிட்டர் ஆகப் போகிறாள் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதோடு நின்றேனா? பெயர்ப்பலகை மாட்டுவதற்காகக் காம்பவுண்டுச் சுவரில் நான்கு ஆணி அடித்து வைத்தேன். அவள் முதல் தடவை எழுதப் போன அன்றைக்கே அடித்தது. அதில் இப்போது ஒன்றில் பால் பை தொங்குகிறது, ஒன்றில் பூக்காரி ஒரு முழம் பூவை மாட்டிவிட்டுப் போகிறாள், மற்ற இரண்டுக்கும் நடுவில் மகன் தன் பனியனைக் காயப்போடுகிறான்.

எதிர் வீட்டு அம்மா ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவர் தினமும் கேட்டைத் திறக்கும்போது அந்த ஆணிகளை ஒரு பார்வை பார்ப்பார். நான் பதிலுக்குத் தினத்தாளை விரித்துப் பிடித்துக்கொள்வேன். காலையில் எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை பிடித்திருப்பேன். நான் படிப்பது தலைப்பும் ராசிபலனும்தான். ஆனால் முழுசும் படிக்கிறேன் என்று டீச்சரம்மா நினைத்துக்கொண்டிருந்தார், நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை.

போன வருஷம் சரஸ்வதி பூஜை வந்தபோது பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

எங்கள் வீட்டில் பூஜை என்றால் பூஜை. அன்றைக்கு எல்லாப் புத்தகமும் சாமி முன்னால் போக வேண்டும். மறுநாள் எடுக்கும் வரை யாரும் ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது. பேத்தியும் பேரனும் இந்தச் சட்டத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். மருமகள்தான் காலையிலேயே கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, ஒரே ஒரு புக். அதை மட்டும் வெளியே வெச்சுக்கட்டுமா?"

"எது?"

"பைனான்சியல் ரிப்போர்ட்டிங்."

"ஏம்மா, எதுல ரெண்டு தடவ வுழுந்தியோ அத்தத்தான் மொதல்ல சாமிகிட்ட வெக்கணும். அத்த வுட்டுட்டு வேற எத்த வெக்கிறது?"

புத்தகங்களை நானே அடுக்கினேன். பேத்தியின் பாடப்புத்தகம் மேலே, மருமகளுடையது எல்லாம் கீழே. அடுக்கு என் இடுப்புக்கு வந்தது. எங்கள் தெருவில் அந்த உயரத்துக்கு எந்த வீட்டிலும் அடுக்கு கிடையாது, விசாரித்துவிட்டேன். கால்குலேட்டருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். குக்கர், கிரைண்டர், அரிவாள்மனை, மகனின் வண்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு. மருமகள் செல்போனை எடுத்துக்கொண்டு மெதுவாக மாடிப் படிக்கட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். அதில்கூடப் படிக்கலாமாமே! வாங்கி அதற்கும் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்தேன். மகன் தன்னுடையதை ஒளிப்பதற்குள் அதற்கும் வைத்துவிட்டேன். கண்ணாடி இருக்கிற பக்கத்தில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த ஒரு வாரம் அவன் எடுத்த போட்டோவில் எல்லாம் எல்லோரும் மஞ்சள் காமாலை வந்தவர்களாக இருந்தார்கள்.

பூஜை முடிந்தது. பொரி, சுண்டல், வடை. மருமகள் அடுப்படியில் என் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள்.

"படிக்கத்தானே கூடாது? தெரிஞ்சதைச் சொல்லிப் பார்க்கலாமில்ல?"

சொல்லிப் பார்ப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. "சொல்லு" என்றேன்.

"ஒரு அம்மா கம்பெனி இருக்கு. அது ஒரு புள்ளை கம்பெனியில நூத்துக்கு எண்பது பங்கு வாங்குது."

"மீதி இருபது?"

"அது வேற ஆளுங்களோடது. அவங்களுக்குப் பங்கு உண்டு, ஆனா அவங்க பேச்சு எடுபடாது."

"புரிஞ்சிபோச்சி. இந்த வூட்டுல நான் மாதிரி."

"ஐயோ அத்தை! நீங்கதான் எண்பது. நாங்க எல்லாரும் சேர்ந்துதான் இருபது."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு வடை வைத்தேன்.

"இப்ப இந்த ரெண்டு கம்பெனியும் ஒண்ணுக்கொண்ணு சரக்கு விக்குதுன்னு வைங்க. லாபம் வெச்சு விக்குது. ஆனா சரக்கு இன்னும் குடோன்லயே இருக்கு, வெளியாளுக்கு விக்கலை. அப்ப அந்த லாபம் லாபமே இல்ல. வெட்டிடணும்."

"பின்ன? நான் சுட்ட வடைய நீ துன்னா நான் யாபாரம் பண்ணேன்னு சொல்ல முடியுமா?"

"கரெக்ட்!"

"பாதி வடைய எதிர் வூட்டு டீச்சரம்மாவுக்கு வித்தா?"

"அந்தப் பாதிக்கு மட்டும் லாபம் நிக்கும்."

"அவங்க எங்க காசு குடுத்து வாங்கப் போறாங்க" என்றேன். இதற்குப் போய் மூன்று வருஷமா படிக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம்கூட வந்தது.

மேலே சொல்லிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். திரும்ப ஆரம்பித்தாள். திரும்ப அங்கேயே நின்றாள்.

"இன்னாம்மா?"

"புள்ளை கம்பெனி அம்மா கம்பெனிக்கு வித்திருக்கு. பத்தாயிரம் லாபத்தை வெட்டணும். யார் பங்குல வெட்டறதுன்னு வரலை. ரெண்டு தடவையும் முழுசா அம்மா தலையிலயே வெட்டிட்டு வந்தேன், தப்புன்னாங்க. சரி எதுன்னு போன மாசம் பார்த்தேன். மறந்துபோச்சு. இதே இடத்துலதான் அத்தை எனக்கு எப்பவும் போகுது." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைக்கு எடுத்துப் பாத்துக்கோயேன்."

"நாளைக்கு எப்பவும் போல பார்ப்பேன், எப்பவும் போல மறப்பேன். இப்ப தவிக்கிறப்ப பார்த்தாத்தான் மனசுல நிக்கும்." சொல்லிவிட்டு, புத்தக அடுக்கைப் பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காமல் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சாமி முன்னால் போய் நின்று யோசித்தேன். படிக்கக் கூடாது என்பதுதானே சட்டம்? அந்தப் புத்தகம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. தெரியாதவள் திறந்தால் அது எப்படிப் படிப்பு ஆகும்? அம்மா, இது சரியா என்று கேட்டேன். விளக்கு அணையவில்லை. எனக்கு அது போதும்.

"நீ கூடத்துல செவுத்தப் பாத்துகினு ஒக்காரு. திரும்பினா பாரு" என்றேன்.

புத்தகம் கீழிருந்து மூன்றாவது. மேலே இருந்ததை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மற்ற கையால் உருவினேன். பேத்தியின் சமூக அறிவியல் சுண்டல் தட்டில் விழுந்தது. மற்றபடி சேதமில்லை.

"பக்கம் நானூத்திப் பன்னெண்டு, அத்தை."

எடுத்தேன். "ஒரு பெரிய கட்டம் போட்டு வெச்சிகினு கீறான்."

"உள்ளே?"

"எறும்பு மாதிரி எழுத்து. அது எனக்கு வாணாம். நம்பரு சொல்றேன். ஒரு எட்டு, ஒரு புள்ளி, வால் கீது அதுக்கு, அப்பால மூணு சைபரு."

"எட்டாயிரமா? பத்தாயிரம் இல்லையா? நல்லா பாருங்க."

"எம்மா, நான் பால் ஊத்துனவ. எட்டுன்னா எட்டுதான். ரெண்டு பக்கமும் வளைவு போட்டு உள்ள பொத்தி வெச்சிகீறான்."

"வளைவுக்குள்ளயா? அப்ப அதைக் கழிக்கணும்னு அர்த்தம். ஆனா ஏன் எட்டு..." அவள் சுவரைப் பார்த்தே முணுமுணுத்தாள்.

"அவசரப்படாத. கீழ இன்னொரு வளைவு கீது. சின்னது. ரெண்டு, மூணு சைபரு."

கூடத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், வாசலில் நாய் எழுந்து நின்றது.

"எட்டும் ரெண்டும்! எண்பதும் இருபதும்! அந்த இருபது ஆளுங்க தலையிலயும் வெட்டணும்! விக்கிறது புள்ளை கம்பெனி, அப்ப நஷ்டத்துல அவங்களுக்கும் பங்கு!"

"பாத்தியா? பேச்சு எடுபடாது, நஷ்டம்னா மட்டும் கூப்புடுவாங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு டீச்சரம்மா வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள உள்ளே வந்தார். நான் சாமி முன்னால், பூஜையன்று, மூக்குக் கண்ணாடியோடு, ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். மருமகள் சுவரைப் பார்த்துக் கைதட்டுகிறாள்.

"என்னங்க இது? இன்னிக்குப் போய் படிக்கிறீங்களே! உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமா?"

ஆமாம், படித்தேன் என்றால் பூஜை கெட்டது. மருமகள் பரீட்சையில் என்ன ஆனாலும் அந்தப் பழி என் தலையில். இல்லை என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும். தினம் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நான் கட்டிக் காத்த மானம். ஒரு நிமிஷம் இப்படியும் அப்படியும் பார்த்தேன்.

"எனக்கு எங்கங்க படிக்கத் தெரியும்?" என்றேன். "இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. தமிழே தலைப்பு மட்டும்தான் ஓடும். நம்பரு பாத்துகினு கீறேன்."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். தினத்தாள் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். "அப்ப அந்தப் பேப்பர்?" என்றார்.

"ராசிபலன்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அதுதான் முதல்ல" என்றார். வெற்றிலை பாக்கோடு நான்கு வடையும் வைத்துக் கொடுத்தேன். காசு கேட்கவில்லை, லாபம் நிற்கவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று மருமகள் செருப்பைக் கழற்றும் முன் சொன்ன முதல் வார்த்தை, "அத்தை, வளைவு வந்துச்சு. ரெண்டு எடத்துலயும் போட்டுட்டேன்." இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. மகன் செல்போனைத் தட்டிக்கொண்டே இருந்தான், அது சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று அவள் அழுதாள், அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான், பிள்ளைகள் குதித்தார்கள்.

"அந்தப் பாடத்துல எவ்ளோ?" என்றேன்.

"நாற்பத்தாறு அத்தை!"

"எத்தினிக்கு?"

"நூத்துக்கு!"

என் பேத்தி நாற்பத்தாறு வாங்கி வந்தால் அவள் அம்மா அன்று வீட்டை இரண்டாக்கிவிடுவாள். இதற்கு இப்படிக் குதிக்கிறார்கள் என்றால் ஆடிட்டர் நூறு வேறு, நம்முடைய நூறு வேறு போலிருக்கிறது. டீச்சரம்மா மார்க்கு என்ன என்று கேட்டபோது, "ஆடிட்டருங்க கணக்க வெளிய சொல்றதில்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அது ஆடிட்டர் பரீட்சையில் முதல் பகுதிதானாம். இரண்டாம் பகுதி இன்னும் பாக்கி. ஆணிகள் காத்திருக்கின்றன. பழைய பேப்பர் கடைப் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

இந்த நோட்டைக் கொடுத்தவர் டீச்சரம்மாதான். "தலைப்பு படிக்கிறவங்களுக்கு எழுத வருமா?" என்றார். ஏன் வராது என்று வாங்கிவிட்டேன். மருமகளுக்குத்தான் பயம். "வேண்டாம் அத்தை. அடுத்த வாரம் சரஸ்வதி பூஜை. நீங்களும் எழுதுறவங்க ஆகிட்டா, எனக்கு யார் புக்கைத் திறந்து நம்பர் சொல்றது?" என்கிறாள். இங்கிலீஷ் எனக்கு இன்னும் ஒரு எழுத்தும் தெரியாது, இந்த வருஷமும் அந்த வேலைக்கு நான்தான் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

இந்த நோட்டும் அந்த அடுக்கில் போகும். மேலே இல்லை, கீழிருந்து மூன்றாவதாக.

கண்ணு, இங்கே வா. சிவப்புப் பேனாவை அங்கேயே வைத்துவிட்டு வா. முதலிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டு, என் எழுத்து எனக்கே பிடிபடவில்லை. நாற்பத்தாறு வருகிற இடத்தை மட்டும் குரலைத் தாழ்த்திப் படி. எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது.