முதுகு காட்டி உட்கார்ந்தவள்

என் மாமனார் காரில் ஏறியதும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் தொடுவார். பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கத்தான் அதைச் சரிசெய்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பாப்பா பிறந்து, பின்னிருக்கையில் அவளுக்கென்று ஒரு குழந்தை சீட் வந்த பிறகு, அந்தக் கண்ணாடியை அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவதைக் கவனித்தேன். பேத்தியின் முகத்தைத் தேடினார். அகப்பட்டது சீட்டின் சாம்பல் நிற முதுகு மட்டும். பாப்பா வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏன் அம்மிணி, தப்புப் பண்ணின புள்ளைய செவுத்தப் பாத்து நிக்க வெக்கற மாதிரி வெச்சிருக்கே?" என்றார். அன்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். அரசாங்க வேலைக்காக இளவயதில் டெல்லிக்கு வந்து, ஜனக்புரியில் பாதி வாழ்க்கையைக் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு எங்களோடு துவாரகா ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தவர். மாமியாரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனாருக்கு இருந்த ஒரே கர்வம் கார் ஓட்டுவது. காரே அபூர்வமாக இருந்த காலத்தில் ஒரு பழைய வண்டியை வாங்கி, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிரசவங்களுக்கும் ரயில்களுக்கும் அவர்தான் ஓட்டியிருக்கிறார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு டெல்லியிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் போயிருக்கிறார். ஒரு கீறல் விழுந்ததில்லை. எங்கள் வீட்டில் லைசென்ஸ் மூன்று பேருக்கு இருந்தது, ஸ்டீரிங் ஒருவருக்குத்தான். என் கணவருக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி வண்டி வந்து அழைத்துப் போய்விடும் என்பதால் அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "டெல்லி ரோடு உனக்கு ஆகாது கண்ணு" என்று அன்பாகவே மறுத்துவிடுவார் மாமனார்.

எனக்கோ டெல்லி ரோடுதான் சம்பளம் கொடுத்தது. நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருக்கிறேன். மோதிய வண்டிகளின் படங்களைப் பார்ப்பதும், மோதியவர்கள் சொல்வதைப் படிப்பதும்தான் என் வேலை. பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றேதான்: நான் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தேன், எதிரே ராங் சைடில் ஒருவன் வந்தான். அதில் பலர் சொல்வது உண்மை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். நன்றாக ஓட்டத் தெரிந்தவரின் வண்டியும் நசுங்கித்தான் கிடக்கும். அதனால் என் மாமனார் எவ்வளவு நன்றாக ஓட்டுவார் என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. அவருக்கு எழுந்த கேள்வி அது ஒன்றுதான்.

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒரு வயதானால் சீட்டை முன்பக்கம் திருப்பிவிடலாம் என்று யாரோ யாருக்கோ சொல்லி, அது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. பாப்பாவின் கால்கள் சீட்டின் சாய்மானத்தில் முட்டி மடங்கியிருந்தன. அழுதால் கால் வலி என்றார்கள், தூங்கினால் பாவம் என்றார்கள். சொசைட்டி கேட்டில் வண்டி நிற்கும்போது காவலாளிகூட எட்டிப் பார்த்து, "பாபிஜி, பேபி உல்டா பைட்டி ஹை" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார், குழந்தை திரும்பி உட்கார்ந்திருப்பதை நான் மட்டும் கவனிக்காதது போல.

நான் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் மலையாளி, பாதித் தமிழில் பேசுவார். "வயசு பாத்துத் திருப்பண்டா. இந்த சீட்டு பின்னாடி பாத்து எவ்வளவு வெயிட், எவ்வளவு ஹைட் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கோ, அது வரைக்கும் திருப்பாம இருந்தா நல்லது. குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. முன்னாடி இடிச்சா தலை முன்னுக்குப் பாயும். பின்னாடி பாத்து இருந்தா சீட்டு முதுகோட சேத்து மொத்தமா தாங்கிக்கும். கால் மடங்கினா அவளுக்கு ஒண்ணும் இல்ல, நமக்குத்தான் பாக்கக் கஷ்டம்" என்றார். அதை நான் வீட்டில் அப்படியே சொன்னேன். மாமனார் முழுவதும் கேட்டுவிட்டு, "இடிச்சாத்தானே? நான் ஏன் இடிக்கறேன்?" என்றார்.

அவர் சமரசத்துக்கு வராதவரில்லை. ஒருநாள் சீட்டைத் தன் பக்கத்தில், முன்னிருக்கையில் வைத்துவிடலாம் என்றார். அங்கே ஏர்பேக் இருக்கிறது, அது விரிந்தால் பின்பக்கம் பார்த்த சீட்டைத்தான் முதலில் அடிக்கும், முடியாது என்றேன். பிறகு என் கணவர், அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், பின்னிருக்கைத் தலைசாய்ப்பில் மாட்டும் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தார். அதில் பாப்பாவின் முகம் தெரியும். அந்தக் கண்ணாடி முன்னாலிருக்கும் கண்ணாடியில் தெரியும். மாமனாருக்கு அன்று வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! துவாரகாவிலிருந்து ஜனக்புரி போய்ச் சேரும்வரை அவர் ரோட்டைப் பார்த்ததைவிடப் பேத்தியைப் பார்த்ததுதான் அதிகம். வீடு திரும்பியதும் நான் அந்தக் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். "உனக்குக் கொஞ்சம்கூட மனசு எளகாதா?" என்று என் கணவர் கேட்டார். "வண்டி ஓட்டறப்ப எளகாது" என்றேன்.

பாப்பாவுக்குக் காது குத்தும் நாள் வந்தது. ஆர்.கே. புரம் முருகன் கோயிலில் ஏற்பாடு. தாய்மாமனாக என் தம்பி திருச்சியிலிருந்து வந்து, என் கணவரோடு முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டான். மாமனாரின் அக்கா, நாங்கள் பெரியத்தை என்று கூப்பிடுபவர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். பட்டுப்புடவையும் பாப்பாவுமாக நான் பார்க்கிங்கில் இறங்கியபோது, மாமனார் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். சீட் முன்பக்கம் திரும்பியிருந்தது. காலையில் எழுந்து அவரே திருப்பி வைத்திருக்கிறார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கண்ணு. நல்ல நாளும் அதுவுமா புள்ள நம்ம மூஞ்சியப் பாத்துட்டு வரட்டும்."

நான் பாப்பாவைப் பெரியத்தையிடம் கொடுத்துவிட்டு சீட்டின் அடியைப் பிடித்து அசைத்தேன். ஊஞ்சல் மாதிரி ஆடியது. முன்பக்கம் திருப்பினால் பெல்ட் போக வேண்டிய வழியே வேறு. அவர் பழைய வழியிலேயே விட்டு இழுத்துக் கட்டியிருந்தார். பெல்ட்டைக் கழற்றி சீட்டை வெளியே எடுத்தேன்.

"என்ன பண்றே அம்மிணி?"

"திருப்பி மாட்டறேனுங்க மாமா." திருச்சிக்காரியான எனக்கும் அந்த வீட்டில் 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நாங்கெல்லாம் புள்ளைங்கள மடியில வெச்சு வளத்தலையா? இதென்ன ஊருல இல்லாத அதிசயம்!" எதிர் ஃபிளாட்டின் பால்கனியில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அதற்குமுன் சீட்டை மாட்டியது எப்போதும் என் கணவர்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. பெல்ட் இரண்டு முறை முறுக்கிக்கொண்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, என் கனத்தையெல்லாம் கொடுத்து இழுத்தேன். தலையில் வைத்திருந்த பூ கழுத்தில் தொங்கியது. கடைசியில் சீட் அசையாமல் உட்கார்ந்தது.

நிமிர்ந்தபோது மாமனாரின் முகம் மாறியிருந்தது. "அப்ப எம்பட ஓட்டத்துல உனக்கு நம்பிக்கை இல்ல."

"எதுத்தாப்ல வர்றவன் மேல நம்பிக்கை இல்லைங்க மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான். இத்தனை வருசமா எத்தனை பேரு எம்பட வண்டில வந்திருக்காங்க, ஒருத்தரு இப்படி ஒரு சொல்லு சொன்னதில்ல. நீ சொல்லிப்போட்டே. இனி நான் இந்த வண்டியத் தொட்டா கேளு." சாவியை காரின் கூரைமேல் வைத்தார். டங்கென்று சத்தம் கேட்டது.

அவர் எதிர்பார்த்தது நான் கெஞ்சுவேன் என்று. பெரியத்தையும் அதையே எதிர்பார்த்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டேன்.

"பாப்பா மூஞ்சியப் பாக்கணும்னா பின்னாடி அவ பக்கத்துல உக்காருங்க மாமா. அங்கிருந்தா நல்லாத் தெரியும். வண்டிய நான் ஓட்டறேன்."

"நீயா?"

"வேற யாரு இருக்காங்க?"

பெரியத்தை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே முன்னிருக்கையில் ஏறினார். மாமனார் கேட் பக்கம் பார்த்தார். டாக்ஸி பிடித்துப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் காது குத்து பேத்தியுடையது. பின்கதவைத் திறந்து, தன் சொந்தக் காரில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். பாலம் ஏரியாவைத் தாண்டும்வரை பின்னாலிருந்து "பிரேக்கு, பிரேக்கு", "இண்டிகேட்டரப் போடு", "அந்த ஆட்டோக்காரனை நம்பாதே" என்று குரல் வந்துகொண்டிருந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன், வண்டியை நிறுத்தவில்லை. கன்டோன்மென்ட் பக்கம் சாலை அகலமானதும் குரல் நின்றுபோனது. என்ன ஆயிற்று என்று கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தேன். பாப்பா தெரியவில்லை, சீட்டின் முதுகுதான் தெரிந்தது. அதன் பக்கத்தில் மாமனாரின் முகம் முழுசாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாப்பா பிடுங்கப் பார்த்திருக்க வேண்டும். புருவத்தை ஏற்றி இறக்கி, கன்னத்தை உப்பி, அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் கண்டால் நம்ப மாட்டார்கள், அப்படியெல்லாம் செய்துகொண்டிருந்தார். பாப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டேன்.

நல்ல நேரம் போய்விட்டது. குருக்கள் அடுத்த நல்ல நேரத்தைச் சொன்னார். அதுவரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியத்தை என்னோடு பேசவில்லை. என் கணவர் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் செருப்பு வைத்த இடத்துக்கும் சந்நிதிக்கும் நடந்துகொண்டிருந்தார். தம்பி மடியில் வைத்துக் காது குத்தும்போது பாப்பா போட்ட கூச்சலில் எல்லோருக்கும் எல்லாம் மறந்தது. வெளியே வந்ததும் மாமனார் என் முன்னால் கையை நீட்டினார். "சாவி." கொடுத்தேன். அவரே ஓட்டினார். பாப்பா முதுகு காட்டியபடியே வந்தாள். சமாதானம் என்று யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன்பின் பல வாரங்கள் அவர் என்னோடு அளந்துதான் பேசினார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெரியத்தை ஊரிலிருந்து போன் செய்து சொன்னார். எதற்கு என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கக் கிளம்பும்போது, "முழங்காலு வலிக்குது. நீ ஓட்டு" என்று மாமனார் சாவியை நீட்டினார். லிஃப்ட் ரிப்பேரான அன்று மூன்று மாடி ஏறி வந்தவர் அவர். நான் வாங்கிக்கொண்டேன். அவர் பின்னால் போய் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த முழங்கால் வலி பிறகு வாராவாரம் வந்தது. சில நாள் வராது, அன்றைக்கு அவரே ஓட்டுவார். நான் சொன்னது சரி என்று மட்டும் அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று வயது கடந்து ஒருநாள் பாப்பாவின் தலை சீட்டின் மேல்விளிம்பை நெருங்கியது. எடையும் எல்லைக்கு வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை சீட்டைத் திருப்ப உட்கார்ந்தேன். மாமனார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னுஞ் சித்த நாளு அப்படியே இருக்கட்டுமே அம்மிணி. எதுத்தெதுத்தாப்ல உக்காந்து நல்லாப் பேசிட்டு வர்றோம்."

"இல்லைங்க மாமா. இனி திருப்பித்தான் ஆகணும்."

"நீ யாரு பேச்சத்தான் கேப்பே?"

"இந்த விசயத்துல யாரு பேச்சும் கேக்க மாட்டேனுங்க."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பெல்ட்டைப் புது வழியில் விட்டு, முழங்காலை ஊன்றி இழுத்தேன். மறுபக்கத்திலிருந்து அவர் சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அவர் போய் ஒரு வருஷமாகிறது. தூக்கத்திலேயே போனார். திதிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெரியத்தை, சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பழைய கதையை எடுத்தார். காது குத்தன்று நான் பட்டுப்புடவையோடு காருக்குள் மண்டி போட்டதை நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "எம்பட தம்பி உசுரோட இருந்தவரைக்கும் அந்த வண்டி எங்கயாவது இடிச்சுதா? ஒண்ணுமே ஆகலையே. அப்பறம் எதுக்கு அத்தனை ஆட்டம்?" என்று கேட்டார்.

என் கணவர் தரையைப் பார்த்தார். திதி நாளில் வயதானவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். பாப்பா உள்ளறையில் தாத்தாவின் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானுங்க பெரியத்தை அத்தனை ஆட்டமும்" என்றேன். "ஆகலை. எனக்கு அது போதுமுங்க."