வலப்பக்கம் திரும்பாத கழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதையில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகன் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. நாற்பதுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். தலையை வலத் தோள் பக்கம் சாய்த்து, முகத்தை இடப்பக்கம் திருப்பி, ஏதோ பெரிய யோசனையில் இருக்கிற முதலாளி மாதிரிப் பார்க்கிறானாம். அந்தச் சாய்ந்த தலையோடு ஒரு போட்டோ எடுத்து என் வாட்ஸ்அப் முகப்பில் போட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்கும் அன்று பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, குளிப்பாட்டுவதற்கு முன் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வலப்பக்கக் கழுத்தில் விரலில் என்னவோ தட்டுப்பட்டது. தோலுக்கு அடியில் கடலை அளவில், கல் மாதிரி இறுக்கமாக ஒன்று. பிள்ளையின் முகத்தை மெல்ல வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பாதி வழி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வீரிட்டு அழுதான். அந்த நிமிடம் என் மனதில் வந்த நோயின் பெயரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடையில் இருந்த கணவரைப் போன் போட்டு வரவழைத்து, மாமியாரையும் ஏற்றிக்கொண்டு த்ரீவீலரில் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் நாங்கள் பயந்தது எதுவும் இல்லை என்றார். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்சுவரை இறங்கும் ஒரு தசை வலப்பக்கத்தில் சுருங்கிப்போயிருக்கிறது, இந்த வயதிலேயே பயிற்சி கொடுத்தால் அநேகமாகச் சரியாகிவிடும், அப்படியே விட்டால் பிறகு கத்தி வைக்க வேண்டி வரலாம், முகமும் ஒரு பக்கம் கோணலாக வளரலாம் என்றார். பிறகு பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, சத்தமில்லாத பேச்சு. பிள்ளையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது.

"உங்க கழுத்துலயே கைய வச்சுப் பாருங்க அக்கா. முகத்த இடப்பக்கம் திருப்புங்க. எந்தப் பக்கம் எழும்புது?" என்று கேட்டார்.

எழும்பியது வலப்பக்கம்! கயிறு முறுக்கேறுவது போல் ஒரு தசை விரலுக்கடியில் விறைத்து நின்றது. வலப்பக்கத் தசை இழுத்தால்தான் முகம் இடப்பக்கம் திரும்புமாம். இடப்பக்கத் தசை இழுத்தால் வலப்பக்கம். பாதையைக் கடக்கும்போது திரும்பிப் பார்ப்பதும், தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதும் இந்த இரண்டும் சேர்ந்து செய்கிற வேலைதானாம். அதன் பெயரையும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. முப்பது வருடமாக இந்தக் கழுத்தின் மேல்தான் தலையை வைத்துக்கொண்டு திரிகிறேன், ஒரு நாளாவது தொட்டுப் பார்த்திருப்பேனா? சுப்ஹானல்லாஹ் என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். நான் ஸ்டைல் என்று ஊருக்கெல்லாம் காட்டிய போட்டோவை அன்றே வாட்ஸ்அப் முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

பயிற்சி பார்ப்பதற்குச் சின்னதுதான். பிள்ளையின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தை வலத் தோள் பக்கம் மெல்லத் திருப்பி, பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து இன்னொரு பத்து. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. இன்னொன்றும் கேட்டார், பிள்ளை எங்கே படுக்கிறான் என்று. கட்டில் சுவரோரம், பிள்ளைக்கு வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் நான் என்றேன். வலப்பக்கம் பார்க்க அவனுக்கு ஒன்றுமே இல்லையே, அவனைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வையுங்கள், அப்போது நீங்கள் வலப்பக்கம் வந்துவிடுவீர்கள், உங்களைப் பார்க்கவாவது திரும்புவான் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று மஃரிப் தொழுகையின் முடிவில் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் கொடுத்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. என் பிள்ளை வளர்ந்து தொழும்போது இந்தப் பக்கம் எப்படித் திரும்புவான்? முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இவ்வளவு அழுதவள் சொன்னதையெல்லாம் செய்திருக்க வேண்டும், இல்லையா? நான்கு நாள் செய்தேன். தோளைப் பிடித்ததுமே அவன் முகம் சிவக்கக் கத்துவான். மூன்று எண்ணுவதற்குள் என் கை தானாக விட்டுவிடும். கால்மாடு மாற்றிப் படுக்க வைப்பதும் நடக்கவில்லை. மாற்றினால் கால் நாங்கள் தொழும் திசையான கிப்லாப் பக்கம் வருகிறது, மாமி சம்மதிக்கவில்லை. எனக்குமே மனம் வரவில்லை. ஆனால் இதை ஆஸ்பத்திரியில் போய் எப்படிச் சொல்வது, சிரிப்பார்களே என்று நினைத்தேன். அடுத்த கிளினிக்கில் மிஸ் கேட்டதும், "ஓ, அஞ்சு தடவையும் செய்றேன், மாத்தியும் படுக்க வெச்சாச்சு" என்று கூசாமல் சொன்னேன்.

அவர் இரண்டு விரலைப் பிள்ளையின் கழுத்தில் வைத்தார்.

"அக்கா, இந்தக் கழுத்து வேற கதை சொல்லுதே" என்றார்.

வங்கியில் வாடிக்கையாளர்களோடு வாய்க்கு வாய் பேசிப் பழகியவள் நான். அன்று பிள்ளையின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ பிள்ளையை மாமியின் கையில் கொடுத்துவிட்டு என்னை அந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னார். என் தலைக்கு அடியில் ஒரு கை, தோளில் ஒரு கை. முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே போனார். காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்புவரை இழுத்தது. இழுத்ததே தவிர நோகவில்லை. பத்து எண்ணுவதற்குள் அந்த இறுக்கம் தளர்வதும் எனக்குத் தெரிந்தது.

"இவ்வளவுதான் அவனுக்கும். நோகுதுன்னு அழலக்கா, பிடிச்சு வச்சா புள்ளைங்களுக்குப் பிடிக்காது. குளிச்சிட்டுத் தூங்கி விழுறப்ப செய்ங்க, பேசிக்கிட்டே செய்ங்க."

இந்தக் கைப்பக்குவம் எங்கே படித்தது என்று கேட்டேன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமாம் அவருக்கு. அம்மா கொழுந்து பறிக்கிறவர், தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்து சுமந்து கழுத்து இறுகிப்போன மனுஷி. பரீட்சைக்குப் படித்த நாளெல்லாம் அம்மா வேலை விட்டு வந்ததும் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு தசையாகப் பெயர் சொல்லிச் சொல்லித் தேடிப் பிடிப்பாராம். "அங்கதான், அங்கதான்னு அம்மா சொல்லுவாங்க. நான் பாஸ் பண்ணினேன், அம்மா கழுத்து வலியும் கொறஞ்சுச்சு" என்று சிரித்தார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் பொய்யை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டில் விஷயம் வந்ததும் மாமி நேராகவே கேட்டார். "நம்மட புள்ள கிப்லாவுக்குக் கால நீட்டிப் படுக்கிறதா மகள்? மனசு கேக்குதில்லையே."

மிஸ் சிரிக்கவில்லை. கிளினிக் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, "கிப்லா எந்தப் பக்கம்னு காட்டுங்கம்மா" என்றார். மாமி விரலால் காட்டக் காட்ட எங்கள் அறையை அப்படியே வரைந்தார். கட்டில், சுவர், யன்னல், கதவு, எதிர்ச்சுவரில் அலுமாரி. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிள்ளையைத் திருப்ப வேண்டாம், கட்டிலை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனால் கால் இருந்த திசையிலேயே இருக்கும், சுவர் இடப்பக்கம் போய்விடும் என்றார். "அலுமாரிய நகத்த முடியுமாம்மா?"

"அலுமாரி என்ன மகள், புள்ளைக்காக சுவரையே நகத்துவன்" என்றார் மாமி.

சுவரை நகர்த்த வேண்டி வரவில்லை. ஆனால் அந்த அலுமாரி என் கல்யாணத்துக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அசையாதது. உடுப்புகளையெல்லாம் இறக்கி, அடியில் பழைய சாக்கு போட்டு, கணவர் ஒரு பக்கமும் நானும் மாமியும் மறுபக்கமுமாக இழுத்தோம். கணவருக்கு இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டில் எதிர்ச்சுவருக்குப் போனது. முதல் வாரம் மகன் பிடிவாதமாக அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் வலப்பக்கம் இருந்து கூப்பிடுவேன், கிலுகிலுப்பை ஆட்டுவேன், கண்ணை மட்டும் உருட்டுவான். ஆனாலும் ஐந்து தடவையை நான் விடவில்லை. மூன்றில் விட்ட கை பத்துவரை நின்றது. மாமி பக்கத்தில் உட்கார்ந்து நபி மேல் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். கடலை அளவு மிளகு அளவாகி, பிறகு விரலுக்கே அகப்படாமல் போனது.

அவனுக்கு ஐந்து மாதம் நடக்கும்போது ஒரு நாள் காலை, கட்டிலுக்குப் பக்கத்தில் முஸல்லா விரித்து சுபஹ் தொழுதுகொண்டிருந்தேன். கட்டில் இடம் மாறியதிலிருந்து அவன் எனக்கு வலப்பக்கத்தில் இருந்தான். கடைசி இருப்பில் வலப்பக்கம் முகம் திருப்பி முதல் ஸலாம் கொடுத்தேன். கட்டிலில் என் மகன் விழித்திருந்தான். முகத்தை முழுக்க வலப்பக்கம் திருப்பி, நாடி தோளைத் தொட, இரண்டு கண்ணாலும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம் திரும்பி அடுத்த ஸலாமைக் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது. அல்லாஹ் மன்னிப்பான்.

அடுத்த கிளினிக்குக்கு மாமி வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தனுப்பினார். மிஸ் அதை வாங்குவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கி, இரண்டு விரலை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப நீங்களும் கழுத்தும் ஒரே கதைதான் சொல்றீங்க அக்கா" என்றார்.

இப்போது மகன் வாப்பாவுக்குப் பக்கத்தில் குட்டித் தொப்பி போட்டுக்கொண்டு நின்று, தொழுகை முடிகிற நேரத்தை மட்டும் சரியாகப் பிடித்து இரண்டு பக்கமும் ஸலாம் கொடுக்கிறான். வலப்பக்கம்தான் கொஞ்சம் அதிகமாகவே திரும்புவான். நானும் என் தொழுகையில் வலப்பக்கம் முகம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கக் கழுத்தில் அந்தத் தசை எழும்புவதை உணர்கிறேன். என் பொய்யைக் கண்டுபிடித்தும் என்னைக் கூனிக்குறுக விடாத அந்த இரண்டு விரல்களுக்காக, ஸலாமுக்குப் பிறகு கேட்கும் துஆவில் மூன்று வருடமாக ஒரு வரி கூடுதலாக இருக்கிறது.