அக்கா மூடிய வால்வு

எரித்துவிட்டால் எதுவும் இல்லாமல் போய்விடும் என்று ஐம்பது வயது வரை நம்பியவன் நான். அலமாரி நிறையப் புத்தகம் உண்டு. ஒன்றும் என்னைத் திருத்தவில்லை. சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில், ஓர் ஆலையில் நச்சு ஆவியை அழிக்கும் பிரிவில் பொறியாளராக இருந்த அக்காவை, "அடுப்பு எரிக்கப் போறாங்க" என்று உறவினர்களிடம் அறிமுகம் செய்தவனும் நானே.

அக்கா பிறந்தது டன்லப் ஸ்திரீட்டில், ஒரு கடையின் மாடியறையில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா டியூஷன் சொல்லிக்கொடுத்தே தாமும் படித்தார், என்னையும் படிக்க வைத்தார். மணமாகிக் கிளமெண்டிக்குப் போனார்; அவருக்கு ஒரே மகள்.

அவர் வேலையை அவர் விளக்கியபடியே சொல்கிறேன். குளோரின் கலந்த ஆவியை அரைகுறையாக எரித்தால், முன்பிருந்ததைவிடக் கொடிய நஞ்சு பிறக்கலாம். அதனால் சூடேற்றிய வினையூக்கிப் படுகை வழியாக அனுப்புவார்கள். நஞ்சு அங்கே உடையும். மிஞ்சும் அமிலத்தைக் காரநீர் கழுவிவிடும். படுகை சூடேறும்வரை ஆவியைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஒருநாள் சரக்கு அன்றே போகவேண்டும் என்று மேலாளர் அவசரப்பட்டார். படுகை சூடாகவில்லை. அக்கா வால்வை மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க லா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாராம் மேலாளர்.

"மூச்சு விடுறவங்களுக்குத் தெரியாது சார். அதனாலதான் மூடினேன்."

அடுத்த மாதமே அக்காவைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதே மேலாளர் அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்து, அவர் எல்லாருடனும் ஒத்துப்போனவர் என்று புகழ்ந்தார். ஒத்துப்போனவரா? அப்படியானால் கிடங்குக்கு எதற்கு அனுப்பினீர்கள்? ஒரு மனுஷி நிமிர்ந்து நின்ற நாளைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு மலர்வளையம் வைத்துவிட்டுப் போகிறார்! நானோ கும்பிட்டு, பாக்கெட் பானம் கொடுத்து, கார்வரை வழியனுப்பினேன். வாய் அன்று திறக்காததால் இந்த நினைவுமலரில் எழுதுகிறேன்: அக்கா ஒத்துப்போகவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

இதயம் தளர்ந்த கடைசி வாரங்களிலும், மருந்து கொடுக்க வந்த தாதியரைச் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தவர் அக்கா. அந்தத் தாதியருக்கும், கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், கூடவே நின்ற உங்கள் அனைவருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்கா மகளிடம் படித்துக்காட்டினேன்.

"அவ்ளோ பெரிய சண்டையா மாமா?" என்றாள். "அன்னிக்கு அம்மா வீட்டுக்கு வந்து, பஸ்ல உக்கார எடம் கெடச்சதத்தான் சொன்னாங்க."