கையுறையைக் கண்டு பயந்த நரி

கொரோனாக் காலம் முடிந்து இத்தாலியின் பலெர்மோ நகரம் பழையபடி இரையத் தொடங்கிய வருடம் அது. அங்கே கால்சாப் பகுதியில் ஒரு சின்யோரா, அதுதான் இத்தாலிய அம்மா ஒருவர், வீட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நகருக்கு வெளியே மலையடியில் அந்த மனுசிக்குக் கொஞ்சம் காணி இருந்தது. அதில் நரிகளுக்கு ஒரு காப்பகம் நடத்தினார். காட்டு நரிகள் இல்லை. தோலுக்காகப் பண்ணைக் கூட்டில் பிறந்து வளர்ந்தவை. வெளிநாட்டில் பண்ணைகளை மூடும்போது போக்கிடமில்லாத நரிகள் இவரிடம் வரும். இரை பிடிக்கத் தெரியாததால் அவற்றைக் காட்டிலும் விட முடியாது.

அங்கே உதவிக்கு வருகிறாயா என்று கேட்டார். சரி என்றுவிட்டேன். நகரின் ஒரேத்தோப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊரிலை கோழி பிடிக்க வாற நரியைத் தடியோடை கலைச்ச ஆக்கள் நாங்கள். நீ இஞ்சை அதுக்குச் சோறு தீத்தப் போறியோ?"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நரி முகத்திலை முழிச்சால் நல்லதாம். இவ்வளவு காலமும் உங்கடை முகத்திலை முழிச்சு என்னத்தைக் கண்டன்?"

நான் காப்பகத்துக்குப் போன முதல் கிழமையே ஒரு பெட்டை நரி வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், கண் மட்டும் பெரிசு. பெட்டியைத் திறந்துவிட்டும் வெளியே வரவில்லை. பிறந்ததிலிருந்து கம்பிவலையில் நின்ற கால்கள், மண்ணை மிதித்ததே இல்லை. இறைச்சி வைத்தோம், பால் வைத்தோம், ஒன்றையும் தொடவில்லை. கிட்டப் போனால் மூலையில் ஒடுங்கி நடுங்கியது. கடைசியில் மிருக வைத்தியர், நாளைக்கும் இப்படியே கிடந்தால் வதைக்காமல் ஊசி போட்டுவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார். சின்யோரா மறுபக்கம் திரும்பி அழுதார். எனக்கோ நரியில்தான் கோபம் வந்தது.

"அடி விசரி, இவ்வளவு பேர் உனக்காக நிக்கிறம். ஒரு வாய் தின்னனடி!"

மத்தியானம் மற்றவர்கள் உள்ளே போக, நான் அதன் அடைப்புக்குள்ளேயே சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். அங்கே எல்லோரும் முழங்கை வரைக்கும் தடித்த தோல் கையுறை போட வேண்டும். எனக்கோ கரண்டியால் தின்றால் வயிறு நிறையாது. கையுறையைக் கழற்றிக் கை கழுவிவிட்டு, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, சோற்றை அவித்த முட்டையோடு பிசைந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், ஐயோ, நரியின் தலை பெட்டிக்கு வெளியே நிற்கிறது! அது பார்த்தது என் முகத்தை இல்லை, கையை.

கறி படாத சோற்றில் ஒரு வாய் உருட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். கடித்தாலும் கடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு காலை மண்ணில் வைத்தது, சுட்டதுபோல இழுத்தது, மறுபடி வைத்தது. பிறகு வந்து என் கையிலிருந்து தின்றது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எப்போது வந்தாரோ, சின்யோரா வேலிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தண்ணீர் வைப்போம் என்று நான் கையுறையை எடுத்து மாட்டியதும் நரி பாய்ந்து பெட்டிக்குள் ஓடிவிட்டது. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. பண்ணையில் இப்படியான கைதான் கூட்டுக்குள் வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போயிருக்கும். போனவை திரும்பி வந்திருக்காது. சின்யோரா தன் கையுறைகளையும் கழற்றி வேலியில் போட்டார். ஊசிக்கும் வேலை வரவில்லை.

இப்போது அந்தக் காப்பகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறோம். அந்தப் பெட்டை நரி மண்ணைக் கிண்டிப் பறிக்கும் குழிகளை மூடியே என் இடுப்பு முறிகிறது. நல்லது செய்யப் போகும்போது யாராவது என்னைக் கண்டு ஒதுங்கினால், முன்னம்போல எனக்குச் சுள்ளென்று கோபம் வருவதில்லை; என் கையில் அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று முதலில் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.