மரக்கட்டையில் கட்டிய பில்: பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பகல்

முதலில் ஒரு திருத்தம். நான் புதுச்சேரியில் ஒரு கடையில் குழந்தை சோப்பு திருடி மாட்டிக்கொண்டேன் என்று எங்கள் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது மாடி அம்மாள் என் மருமகளிடமே வந்து, "ஆன்ட்டிக்கு ஞாபக மறதி ஏதாச்சும் இருக்கா?" என்று பரிவோடு விசாரித்திருக்கிறார். எனக்கு ஞாபக மறதி இல்லை. நான் எதையும் திருடவில்லை. என் பையில் சோப்பே இல்லை, சிக்கலே அதுதான். சோப்பு வாங்கிய பில் மட்டும் கையில் இருந்தது; அதுவும் இன்னொருத்தியின் பில். அதை எடுத்துக்கொண்டு நான் போன இடம் கழிப்பறை. இனி முறையாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அதனால் எந்த ஊருக்குப் போய் வந்தாலும் மூன்று விஷயங்களை விடாமல் எழுதுவேன்: எத்தனை படி ஏற வேண்டும், உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே. கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரிய மார்க்கெட் அருகில் இருந்த பழைய கடை வளாகத்தை இடித்துப் புதிய கடைகள் வந்துவிட்டனவே, போகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எனக்கும் தங்கை பேத்தியின் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி வாங்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

கடலூரிலிருந்து காலை எட்டேகால் பேருந்து. இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு மணி நேரம் ஆனது. இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள் என்று எழுத நினைத்தேன். பிறகு யோசித்தால் காலையில் வெயில் வலது பக்கம். வலது பக்கம் உட்காராதீர்கள். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் நடத்துனர் ஒரு பெரியவரிடம், "தாத்தா, படில நிக்காத, உள்ள வா, உனக்கும் சேத்து நான்தான் பதில் சொல்லணும்" என்று சத்தம் போட்டார். பெரியவர், "காத்து உள்ள வரல, நான் வெளிய வந்தேன்" என்றார். பேருந்து நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நூற்றிருபதில் ஆரம்பித்தார். நான் இந்த ஊரில், முத்தியால்பேட்டையில், நாற்பது வருடம் குடித்தனம் செய்தவள் என்றதும், "அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

பழைய வளாகத்தைப் பற்றி நான் அழுது எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். அது இருட்டு. மழை பெய்தால் நடைபாதையில் வாளி வைத்திருப்பார்கள். மாடிப்படியில் ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாது. விலை கேட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். என் கணவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி, என்னைக் காப்பாற்ற யாரையாவது அனுப்பலாமா என்ற முகத்தோடு நிற்பார்.

இப்போது அந்த இடத்தில் மூன்று கடைகள்: துணிக்கடை, செருப்புக்கடை, நடுவில் இரண்டு தளத்தில் வீட்டுச் சாமான் கடை. வாசலில் படி இல்லை, சாய்தளம். மின்தூக்கி உண்டு. விலை எல்லாருக்கும் ஒன்று, சீட்டில் ஒட்டியிருக்கிறது. துணிக்கடையில் போட்டுப் பார்க்கும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. நான் இழுத்துப் பார்த்தேன், உறுதியானதுதான். வேலை செய்கிற பெண்கள் கருவடிக்குப்பத்திலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். சீருடையும் வார விடுமுறையும் உண்டு என்று ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் பழைய வளாகத்தில் ஒன்று இருந்தது. பின்பக்கம், சந்துப் பக்கம் பார்த்த மாதிரி, பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அதன் சாவி லூர்து மேரியின் ரிப்பன் கடையில் ஆணியில் தொங்கும். யாரும் மறந்து இடுப்பில் செருகிப் போய்விடக் கூடாது என்று, பஞ்சாலையில் நூல் சுற்றுகிற ஒரு சாண் நீள மரக்கட்டையில் அதைக் கட்டியிருந்தாள். வந்தவள் யார், என்ன வாங்கினாள் என்ற கேள்வியே கிடையாது. நீதிமன்ற வக்கீல் அம்மாவும் வருவார், கருவாடு விற்கிறவளும் வருவாள். முறை ஒன்றுதான்: போகிறவள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்தவளுக்கு ஒரு வாளி பிடித்து வைத்துவிட்டு வர வேண்டும். பிடித்து வைக்காவிட்டால் லூர்து சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒருமுறை என்னையே கூப்பிட்டிருக்கிறாள்.

ரவிக்கைத் துணி வாங்கப் போகும் முன்பே லூர்துவைப் பார்த்துவிட்டேன். புதிய கடைகளுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில், தள்ளுவண்டியில் ரிப்பனும் ஊசியும் ஹேர்பின்னும்.

"மதாம்! இன்னா இப்படி எளச்சிட்டீங்க? மருமவ சோறு போடுறாளா இல்லியா?"

"போடுகிறாள். நான்தான் அளவாகச் சாப்பிடுகிறேன்."

"அப்ப பேச்சு மட்டும் மாறல" என்று ஒரு முக்காலியை நகர்த்தினாள். இளநீர் வாங்கித் தந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். குடித்துவிட்டேன்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். சந்து முனையில் கருவாடு விற்கிறவள். கடற்கரை ஊரிலிருந்து விடியும் முன் வந்து, மத்தியானம் வரை கூடையை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பாள். சாவி இருந்த காலத்திலிருந்தே எனக்கு முகம் பழக்கம். "ஏ லூர்து, கட்டயக் குடு" என்று கை நீட்டினாள்.

லூர்து வண்டிக்கு அடியிலிருந்து அதே மரக்கட்டையை எடுத்தாள். சாவி இல்லை. அந்தக் கயிற்றில் ஒரு பில் கட்டியிருந்தது.

நடுவிலுள்ள கடையின் முதல் தளத்தில் நல்ல கழிப்பறை இருக்கிறது. வாசலில், வாடிக்கையாளர்களுக்கு மட்டும், பில் காட்டவும் என்று எழுதியிருக்கிறது. அதனால் காலையில் கடை திறந்ததும் லூர்து உள்ளே போய்ச் சின்னதாக ஏதாவது வாங்கிவருகிறாள். அன்றைக்குத் தன் தங்கை குழந்தைக்குச் சோப்பு. பில்லைக் கட்டையில் கட்டுகிறாள். சந்தில் பூ விற்கிறவள், கீரை விற்கிறவள், அஞ்சலை எல்லாரும் மாற்றி மாற்றி அதே பில்லோடு போய் வருகிறார்கள். காவலுக்கு நிற்கும் கோவிந்தன் முன்பு பஞ்சாலையில் வேலை செய்தவர். கட்டை வருவதைப் பார்த்ததும் அவருக்குக் கூரையில் ஏதோ வேலை வந்துவிடும்.

"இது பொய் இல்லையா?" என்றேன்.

"பில்லு நெஜம்தான மதாம்?" என்றாள் லூர்து.

அஞ்சலை கட்டையோடு போய் வந்தாள். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். இரண்டு முறை வலி தாங்காமல் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாள். "தண்ணி நெறய குடின்னாரு டாக்டரு. குடிச்சிட்டு எங்க போறது, உன் மேசைக்கு அடியிலயான்னு கேட்டேன். சிரிச்சிக்கினே மாத்தர எழுதினாரு" என்றாள். மார்க்கெட்டுக்குள் கட்டணக் கழிப்பறைக்குப் போகலாமே என்றேன். கூட்டத்தில் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் கூடையைப் பூனையும் வாடிக்கையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளும் என்றாள். கடையில் வேறு காவலாள் மாறி நிற்கிற நாட்களில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இளநீர் தன் வேலையைக் காட்டியது. ஏதாவது வாங்கிப் பில் போட்டுக்கொண்டு போகலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். கல்யாண நாட்கள், பில் போடுகிற வரிசை வாசல் வரை. என் வயதில் வரிசை என்பது நம் கையில் இல்லாத விஷயம். லூர்து கட்டையை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

கோவிந்தன் கூரையைப் பார்த்தார். ஆனால் அன்று மேலாளர் அங்கே வந்து நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, வியர்த்த நெற்றி. "மேடம், கையில இன்னா கட்ட?" என்றார். பிறகு பில்லைப் படித்தார். "பேபி சோப்பு. எங்க மேடம் சோப்பு?"

எங்கள் கான்வென்ட்டில் கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லப் பழக்கியிருந்தார்கள். "இந்தப் பில் என்னுடையது அல்ல. நான் இன்னும் எதுவும் வாங்கவில்லை" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலைந்து பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் எங்கள் இரண்டாவது மாடி அம்மாளுக்கு உறவு என்பது பிறகு தெரிந்தது.

விஷயம் தெரிந்து லூர்து ஓடிவந்தாள். பின்னாலேயே அஞ்சலை. மேலாளர் அவர்களைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க போங்க மேடம். உங்கள மாதிரி இருக்கறவங்ககிட்ட பில்லு யாரு கேக்கப் போறா?" என்றார்.

"என்னை மாதிரி என்றால்?"

பதில் அஞ்சலையிடமிருந்து வந்தது. "கருவாடு நாறாதவங்க, மதாம். அதான் சார் சொல்லத் தெரியாம முழிக்குது."

அவர் முகம் சிவந்துவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை. வாடிக்கையாளர்கள் நாற்றம் என்று புகார் செய்கிறார்கள், தரை ஈரமாகிறது, தலைமை அலுவலகத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது என்றார். அவர் அம்மாவும் காரைக்காலில் மீன் விற்றவர்தானாம். இதை யாரும் கேட்காமல் அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டார்.

இந்த நியாயமெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் நிலைமையை நீங்கள் ஊகிக்கலாம். அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். இருந்தும் போக முடியவில்லை. நான் எந்தப் பில்லும் இல்லாமல் போகலாம், காலையில் காசு கொடுத்து வாங்கிய பில்லோடு அவர்கள் போகக் கூடாது என்றால், அங்கே கேட்பது பில்லை அல்ல. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "முதலில் அஞ்சலை போகட்டும். பிறகு நான்."

"நான் இப்பத்தான் போயிட்டு வந்தேன் மதாம்!" என்றாள் அஞ்சலை. லூர்து சிரித்தாள். கோவிந்தன் சிரித்தார். மேலாளரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, சிரிக்கிற நிலையில் இல்லை. "அப்படியானால் லூர்து" என்றேன். லூர்து போனாள், அவசரமே இல்லாமல் நிதானமாக வந்தாள். பிறகு நான் போனேன். வாளி இல்லாத கழிப்பறை அது. தண்ணீர் தானே கொட்டுகிறது. இருந்தாலும் தரையைத் துடைப்பானால் துடைத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் மேலாளர், "நானா முடிவெடுக்க முடியாது மேடம். நீங்க எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: சந்தில் வியாபாரம் செய்யும் பெண்கள் பில் இல்லாமல் போய் வர அனுமதி வேண்டும், பழைய முறைப்படி தரையை அவர்களே சுத்தமாக வைப்பார்கள், பொறுப்பு லூர்து மேரியுடையது. லூர்து கையெழுத்துப் போட்டாள். "மெர்சி மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் சொல்கிற அதே குரலில். அந்தப் பில் அன்றோடு செல்லாமல் போனது. அடுத்த நாளிலிருந்து பொருளையும் சேர்த்துக் காட்ட வேண்டுமாம். மூன்று வாரமாகிறது. தொலைபேசியில் கேட்டால், "பாத்துட்டிருக்காங்க மேடம்" என்கிறார் மேலாளர். அஞ்சலை மறுபடி தண்ணீரைக் குறைத்துவிட்டாள் என்கிறாள் லூர்து. இதையெல்லாம் வெளியே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மதாம். எத்தினி நாளிக்கி ஒளிஞ்சி ஒளிஞ்சி போறது?" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய், புதன் காலை பத்துக்கு முன் கூட்டம் குறைவு. துணிக்கடையில் ரவிக்கைத் துணி தரம் நன்று. வெளுக்காது என்று சொன்ன சிவப்பு ஒரே துவைப்பில் கொஞ்சம் சாயம் விட்டது, மற்ற நிறங்களில் குறையில்லை. திரும்ப மதியம் ஒன்றரைப் பேருந்து கிடைத்தது. படி: இல்லை. உட்கார இடம்: செருப்புக்கடையில் நல்ல நாற்காலிகள், யாரும் எழுப்புவதில்லை. கழிப்பறை: என்னைப் போன்ற உங்களுக்கு உண்டு. இந்த வரியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கடையின் பேரை நான் எழுதவில்லை. மேலாளருக்கும் அவருடைய மேலிடத்துக்கும் தங்கள் கடை எது என்று தெரியும். புதிய கடைகள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அவை நன்றாக நடக்க வேண்டும். நான் கேட்பது ஒரு கேள்விக்கு விடை. பில் இல்லாத பெண்கள் உங்கள் கழிப்பறைக்குப் போகலாமா, கூடாதா? தொலைபேசி வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது விடை அல்ல. எழுத்தில், முழு வாக்கியத்தில், லூர்து மேரியின் பெயருக்குப் பதில் அனுப்புங்கள்.