ருஸ்தெமின் ஜன்னல் கற்கள்

பினாக்கை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கெட்டவன் என்று சொன்னால் சண்டைக்குப் போவேன். பக்கத்து வீட்டுக்காரன். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக ஓடுவான்; ஓடிய பிறகுதான் யோசிப்பான்.

கொசோவோவில் போர் ஓய்ந்து, அகதிகளாகப் போயிருந்த அல்பேனியாவிலிருந்து நாங்கள் ஊர் திரும்பியபோது கூரையோடு ஒரு வீடு இல்லை. குளிர்காலம் வேறு நெருங்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரர் ருஸ்தெமின் பழைய மூன்றடுக்குக் கல்வீடும் எரிந்து கிடந்தது. அவர் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஆளாளுக்கு அதிலிருந்து கல் எடுத்துச் சுவர் எழுப்பினார்கள். பிள்ளைகள் நடுங்கும்போது யார் நியாயம் பேசுவது? பினாக் மட்டும் விருந்தறை ஜன்னலின் பூ வேலை செய்த வளைவுக் கற்களைக் கழற்றி வந்து, தன் வாசலுக்கு மேல் வைத்தான். குளிருக்குச் சுவர் போதும், பூ எதற்கு? ஆசை, வேறென்ன.

சில ஆண்டுகள் கழித்து, எரிந்த கல்வீடுகளைப் பழையபடி எடுத்துக்கட்ட ஒரு குழு வந்தது. வேலையில்லாமல் திரிந்த ஊருக்கே வேலை கிடைத்தது. எனக்குச் சுண்ணாம்பு குழைக்கும் வேலை. முதலில் ருஸ்தெமின் வீடு. எடுத்த கல்லைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அதற்குள் பலரும் செங்கல்லுக்கு மாறியிருந்ததால் வண்டி வண்டியாக வந்து சேர்ந்தது. பினாக்கும் சுமந்து வந்தான், அந்த வளைவைத் தவிர. அதை எடுத்தால் வாசலே இடிந்துவிடும் என்று முணுமுணுத்தான். எங்களுக்கும் மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.

அப்போதுதான் வேலையைப் பார்க்க ருஸ்தெம் வந்து இறங்கினார். சொந்த வீட்டில் படுக்க இடமில்லை. வந்தவரைத் தெருவில் நிற்க வைப்பது எங்களுக்கு மானக்கேடு. இவர் யார் வீட்டு விருந்தாளி என்று யாரோ கேட்டு முடிப்பதற்குள், என் வீட்டு விருந்தாளி என்றுவிட்டான் பினாக். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா?

ருஸ்தெம் வாசலில் குனிந்து காலணியைக் கழற்றினார். நிமிர்ந்தவர் வளைவைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். பினாக்கின் மனைவி ஷ்குர்தே அடுக்கடுக்காகச் சுட்ட ஃப்லியா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஒருவன் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு அவனைக் குற்றம் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. ருஸ்தெம் மழையைப் பற்றிப் பேசினார். பினாக் அவர் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தான். கூட உட்கார்ந்திருந்த எனக்கே பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் பொறியாளர் வந்து சேர்ந்தார். வாசலைக் காட்டி, இவை உங்கள் ஜன்னல் கற்கள்தானே என்று ருஸ்தெமைக் கேட்டார். பாவி மனுஷன்.

"ஆமா. அவன் கேட்டான், குடுத்தேன்" என்றார் ருஸ்தெம்.

பினாக் பொறியாளருக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தான். இல்லை என்று சொன்னால், தன் வீட்டிலேயே விருந்தாளியைப் பொய்யனாக்கிய பாவம் சேரும். அவமானத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை, முறைப்படி ஊர் எல்லைவரை வழியனுப்பப் போனான். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எல்லையிலிருந்த பாலத்தைத் தாண்டியதும் பினாக் நின்றான்.

"இனி நீங்க என் விருந்தாளி இல்ல, அண்ணே. அது திருடுனது. காறித் துப்பிட்டுப் போங்க."

ருஸ்தெம் என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"நீ கேட்டதா நான் சொன்னதுதான்டா பொய். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அவர் போய்விட்டார். பினாக் அங்கேயே உட்கார்ந்து அழுதான். எழுப்பிக் கூட்டிவந்தேன். வாசலுக்கு வந்தவன் உள்ளே நுழையாமல் வளைவை அண்ணாந்து பார்த்தான். முட்டுக் கொடுக்கக் கட்டை இருக்கிறதா என்று என்னைக் கேட்டான்.